ஒரு சமக்குறி குறைவு

மீட்டர் அக்கா என்று சொன்னால்தான் அந்தத் தொழிற்சாலையில் தெரியும். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே கொஞ்சம் யோசிப்பார். மல்ட்டிமீட்டரைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி பதினேழு வருடம் நடமாடுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சாப்பிடப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். "என்னக்கா, சாப்பாட்டுல கரண்டு இருக்கான்னு பாக்கப் போறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்.

நான் அப்போது அதே கட்டடத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதி, பிற்பாடு அக்கா சொல்லக் கேட்டது.

அங்கே தயாரானவை மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிகளுக்கான கட்டுப்பாட்டு கார்டுகள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பெட்டிக்குள் சூடு ஏறினால் குளிரூட்டியை ஓடவைப்பதும், எல்லை மீறினால் அலறுவதும் அதன் வேலை. ஒவ்வொரு கார்டிலும் ஒன்பது இடங்களில் மீட்டரின் முனையை வைத்து, வோல்டேஜ் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரி என்றால் ஒரு பக்கமும் இல்லையென்றால் மறு பக்கமும் வைக்க வேண்டும். அக்கா அதைப் பேசிக்கொண்டே செய்வார். நூறு கார்டில் மூன்று நான்கு தேறாது. அது எப்போதும் உள்ள கணக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். புதிதாக ஒரு சோதனை மேசை வந்திருந்தது. கார்டை அதில் வைத்து மூடியை அழுத்தினால் ஒன்பது ஊசிகளும் ஒன்பது இடங்களையும் ஒரே நேரத்தில் தொடும். மேசையோடு சேர்ந்த கம்ப்யூட்டர் அளந்து, பச்சை விளக்கையோ சிவப்பு விளக்கையோ போடும்.

"இதுக்குப் பின்னாடி ஒரு புரோகிராம் ஓடுது. சி மொழியில எழுதினது. கார்டு மாறினா புரோகிராமையும் மாத்தி எழுதணும். நம்மகிட்ட இன்ஜினியர் ஒரே ஆள். அதனால டெஸ்டிங்ல இருந்து மூணு பேர் கத்துக்கணும்" என்றார் மேற்பார்வையாளர்.

"கத்துக்க முடியலன்னா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேக்கிங்ல ஆள் பத்தலன்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

மூன்று பேர் பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. பேக்கிங் பிரிவின் தலைவி அவருடைய நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பவர், எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவர். வீட்டிலும் அண்ணி, வேலையிலும் அண்ணி என்றால் தாங்குமா?

வகுப்பு என்பது தினமும் வேலை ஆரம்பிக்கும் முன் முக்கால் மணி நேரம். சொல்லித் தந்தவர் அந்த ஒரே இன்ஜினியர், இருபத்தாறு வயதுப் பெண். சின்ன மேடம் என்போம். மடமடவென்று பேசுவார். முதல் வாரத்திலேயே ஒருவர் தானாகக் கேட்டு வேறு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது வாரத்தில் இன்னொருவருக்குத் தினமும் தலைவலி வர ஆரம்பித்தது. மீதி இருந்தது அக்கா மட்டும்.

அக்கா படித்தது பன்னிரண்டாம் வகுப்பும், ஒரு வருட ரேடியோ டிவி பழுதுபார்க்கும் படிப்பும். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கம்ப்யூட்டர் திரையில் பிழைச் செய்தி வந்தால் ஒவ்வோர் எழுத்தாக நோட்டில் எழுதிக்கொள்வார், அர்த்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று. அந்த நோட்டு ஒரு மாதத்தில் பாதி நிரம்பிவிட்டது.

முதல் குழப்பம் அரைப்புள்ளியில் வந்தது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் ஓர் அரைப்புள்ளி வைக்க வேண்டும். அக்கா ஆறாவது வரியில் விட்டுவிட்டார். கம்ப்யூட்டரோ ஏழாவது வரியில் பிழை என்றது. ஏழாவது வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அப்போதும் அதே செய்தி.

"தப்பு பண்ணவனை விட்டுட்டுப் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்குதே மேடம், இது என்ன நியாயம்?"

சின்ன மேடம் சிரித்தார். "அடுத்த வரிக்கு வந்தாத்தான் அதுக்கு சந்தேகமே வருதுக்கா. பிழை காட்டற வரிக்கு முந்தின வரியையும் பாருங்க."

அன்றிலிருந்து அக்கா முன்ஜாக்கிரதையாக எல்லா வரிக்கும் அரைப்புள்ளி வைத்தார். அது அடுத்த வினை. 'இப்படி இருந்தால்' என்று நிபந்தனை சொல்கிற வரியின் முடிவிலும் வைத்துவிட்டார். சூடு எட்டு டிகிரிக்கு மேலே போனால் 'அபாயம்' என்று காட்டு, அவ்வளவுதான் எழுதியது. இரண்டு டிகிரி கொடுத்தாலும் அபாயம், ஐந்து கொடுத்தாலும் அபாயம். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. திரை அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. திட்டுகிற மேலதிகாரியைச் சமாளித்துவிடலாம், பேசாமல் தப்பாகச் செய்கிறவரை என்ன செய்வது? நிபந்தனைக்குப் பக்கத்திலேயே அரைப்புள்ளி வைத்ததால் நிபந்தனை அங்கேயே முடிந்துபோய், கீழே உள்ள வரி யாரையும் கேட்காமல் ஓடுகிறது என்பது புரிய இரண்டு நாள் ஆனது.

பிறகு பூஜ்யம். மேசையின் ஒன்பது ஊசிகளுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை பெயின்ட்டால் எண் போட்டிருந்தார்கள். சி மொழியில் வரிசை பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்பது எண்கள் என்றால் எட்டோடு முடியும். அக்கா ஒன்றிலிருந்து ஒன்பதுவரை படிக்கச் சொல்லி எழுதினார். முதல் ஊசி விட்டுப்போனது. கடைசியில் இல்லாத ஊசி ஒன்றுக்கு எங்கிருந்தோ ஒரு பைத்தியக்கார எண் வந்து நின்றது.

சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிப் புலம்பினார். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "இதுல என்ன இருக்கு?" என்றார். "லிஃப்ட்ல ஏறினதே இல்லையா நீ? தரைத்தளத்துக்கு என்ன பட்டன்?"

"ஜீரோ."

"எட்டாவது மாடிவரை போற லிஃப்ட்ல மொத்தம் எத்தனை பட்டன்?"

அக்கா விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது."

"ஒன்பதுன்னு ஒரு பட்டன் இருக்கா?"

"இல்லீங்க."

"இல்லாத பட்டனை அமுக்கிட்டு லிஃப்ட் எங்க போகும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அக்காவுக்குச் சட்டென்று விளங்கியது. மறுநாள் ஊசிகளின் மேல் பூஜ்யம் முதல் எட்டுவரை காகிதச் சீட்டு ஒட்டினார். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் சீட்டுகளை எடுக்கவில்லை.

எல்லாம் இப்படி ஒரே பேச்சில் தீரவில்லை. ஏழையும் எட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏழரைக்குப் பதில் ஏழு வந்தது. "அரை எங்க மேடம் போச்சு?" என்று கேட்டார். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும் என்றார் சின்ன மேடம். அரை டிகிரியைத் தூக்கிப் போடுகிற ஒரு கருவியை நம்பி மருந்து வைப்பதா என்று அக்காவுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. இன்னொரு நாள், மொத்தத்தைக் கூட்டிச் சொல்லச் சொன்னால், மூன்று கார்டுக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் என்றது. மொத்தத்தைப் போட்டு வைக்கிற இடத்தை முதலில் பூஜ்யமாக்கவில்லை. குடி போகிற வீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன குப்பையைப் பெருக்காமல் சாமானை இறக்கினால் இப்படித்தான் என்று நோட்டில் அவரே எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட அவரைக் கலங்கடித்தது இன்னொன்று. விசைப்பலகையில் தட்டுகிற எண்ணை வாங்கி ஒரு மாறியில் வைக்கும்படி எழுதினார். மாறி என்றால் எண்ணைப் போட்டு வைக்கிற டப்பா என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளக் குறி வேண்டும். அதை விட்டுவிட்டார். எண்ணைத் தட்டியதும் புரோகிராம் செத்து விழுந்தது. திரையில் இரண்டே வார்த்தை. அக்கா பதறிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க சின்ன மேடத்தின் முன்னால் போய் நின்று, "கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன் மேடம்" என்றார். கண்ணில் நீர் தளும்பியது.

"அது ஒண்ணும் கெடல. எண்ணை எங்க கொண்டுபோய் வைக்கணும்னு விலாசம் கேட்டுது. நீங்க விலாசம் குடுக்காம, வீட்டுக்குள்ள என்ன சாமான் இருக்குன்னு குடுத்துட்டீங்க. அதையே விலாசம்னு நெனச்சு எங்கயோ யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கு. அந்த வீட்டுக்காரன் அடிச்சு விரட்டிட்டான்" என்றார் சின்ன மேடம். பிறகு சற்றுக் கண்டிப்பாக, "பிளக்கை மட்டும் பிடுங்காதீங்க" என்றும் சொன்னார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, சின்ன மேடம் அவசரமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "சமக்குறி ஒண்ணு போட்டா 'வை'ன்னு அர்த்தம். ரெண்டு போட்டா 'சமமா?'ன்னு கேள்வி. மாத்திப் போட்டுடாதீங்க." அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நன்றாகப் புரிந்தது.

மூன்றாவது மாதம் புது வகைக் கார்டு ஒன்று வந்தது. பழைய புரோகிராம் அதற்கு ஆகாது. அந்த வாரம் பார்த்துச் சின்ன மேடத்துக்கு விஷக் காய்ச்சல். தொண்டை கட்டி, போனில் பேசக்கூட முடியாத நிலை. மேற்பார்வையாளர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

"நீ எழுதிடும்மா. பழசைப் பாத்து மாத்தறதுதானே?"

"மேடம் வந்து ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா..."

"அவங்க வர ஒரு வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமை மேசை ஓடணும். மூணு மாசமா கத்துக்கறே, இன்னும் என்ன பயம்?"

பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் 'முடியாது' என்றால் அடுத்த வார்த்தை பேக்கிங். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் உட்கார்ந்து அக்கா எழுதி முடித்தார். 'சரி' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தார். முதலில் அதில் ஒன்று. ஒன்பது அளவுகளையும் பார்த்துக்கொண்டே போய், ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே இருந்தால் 'சரி'யைப் பூஜ்யமாக்க வேண்டும். கடைசியில் 'சரி'யில் இன்னமும் ஒன்று இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அரைப்புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பூஜ்யத்தில் ஆரம்பித்து எட்டில் முடித்தார். பிழை ஒன்றுமில்லை என்றது கம்ப்யூட்டர். எச்சரிக்கை என்று மட்டும் இரண்டு மூன்று வரி வந்து மேலே நகர்ந்து போயிற்று. எச்சரிக்கை வந்தாலும் புரோகிராம் ஓடும் என்பது அவருக்குப் பழகியிருந்தது.

மேற்பார்வையாளர் பதினோரு கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கையால் சோதித்துத் தேறியவை. பதினொன்றுக்கும் பச்சை.

"பாத்தியா?" என்றார் அவர். "இதுக்குப் போய் அழுதே!"

செவ்வாய்க்கிழமை இருநூற்றுப் பத்து கார்டுகள் ஓடின. அவை புதன்கிழமை காலை வண்டியில், பெட்டிகளைப் பொருத்துகிற ஆலைக்குப் போயின. புதன்கிழமை மதியத்துக்குள் இன்னும் நூற்று முப்பது. மேற்பார்வையாளர் பலகையில் எண்களை எழுதிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முன்னூத்தி நாப்பது. ஒண்ணுகூட ஃபெயில் இல்ல! இதுதான் மெஷின்."

கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். தட்டின கை அப்படியே நின்றது.

ஒன்றுகூடவா இல்லை?

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் பத்து கார்டாவது விழுந்திருக்க வேண்டும். பதினேழு வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட அப்படி ஒன்றும் விழாமல் போனதில்லை. புதுக் கார்டு நன்றாகச் செய்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே நம்பிக்கை வரவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

பழுது அலமாரியிலிருந்து கருகிப்போன கார்டு ஒன்றை எடுத்தார். அதில் மின்சாரமே பாயாது. மேசையில் வைத்து மூடியை அழுத்தினார்.

பச்சை.

கார்டை எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் மூடியை அழுத்தினார்.

அதற்கும் பச்சை.

அந்த நேரத்தில் நான் ஏதோ ரசீதில் கையெழுத்து வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன். அக்கா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னக்கா, தலை சுத்துதா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ போப்பா" என்றார்.

புரோகிராமைத் திறந்தார். எழுபது எண்பது வரிகள். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கண் வரிகளில் நிற்காமல் வழுக்கியது. மூன்றாவது முறை படிக்கும்போதுதான், கடைசிக்குச் சற்று முன்னால், 'சரி' ஒன்றாக இருந்தால் என்று கேட்கிற இடத்தில் பார்வை நின்றது. ஒரே ஒரு சமக்குறி. அவர் கேட்கவில்லை, வைத்திருந்தார். ஒன்பது அளவுகளும் எப்படி இருந்தாலும், கடைசி நொடியில் 'சரி'க்குள் ஒன்றை வைத்துவிட்டு, ஒன்று இருக்கிறது, பச்சை போடு என்று சொல்லியிருந்தார். நோட்டில் எழுதி வைத்தது, நன்றாகப் புரிந்தது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியது.

இன்னொரு சமக்குறியைத் தட்ட அரை நொடிகூட ஆகவில்லை. காலி மேசைக்குச் சிவப்பு வந்தது. கருகின கார்டுக்கும் சிவப்பு.

மணி இரண்டு பத்து.

அடுத்த சில நிமிடங்களைப் பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். யாருக்கும் தெரியாது என்று தோன்றியதாம். இனி வருகிற கார்டுகள் சரியாக ஓடும். இதுவரை ஓடினவற்றில் பத்துப் பன்னிரண்டு கெட்டது இருக்கும், எங்கோ ஒரு பெட்டி நின்றுபோகும், உதிரிப்பாகம் சரியில்லை என்று எழுதிவிடுவார்கள். தன் பக்கம் யாரும் திரும்பப் போவதில்லை. அப்போது ஏழாவது ஊசி நினைவுக்கு வந்தது. அலாரத்துக்கான இடம் அது. அது செத்திருந்தால் பெட்டி நிற்காது. உள்ளே சூடு ஏறும், மருந்து வீணாகும், ஆனால் சத்தம் வராது. வெளியே பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். யாரோ ஒரு நர்ஸ் கதவைத் திறந்து அந்த மருந்தை எடுப்பார்.

எழுந்து மேற்பார்வையாளரின் அறைக்குப் போனார். பூட்டியிருந்தது. தலைமை அலுவலகத்தில் கூட்டம், போன் அணைத்திருந்தது, மூன்றரைக்குத்தான் வருவார் என்றார்கள். அன்றைய அடுத்த வண்டி மூன்று மணிக்கு.

அக்கா பேக்கிங் பிரிவுக்கு ஓடினார். நாத்தனார் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வண்டியை நிறுத்தணும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன். நான் எழுதினதுல தப்பு. எல்லாத்தையும் பாஸ் போட்டுடுச்சு. உள்ள கெட்டது இருக்கு, எதுன்னு தெரியாது."

நாத்தனார் டேப்பைக் கத்தரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எழுத்துல ஆர்டர் இல்லாம நான் வண்டியை நிறுத்த முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணி."

"உன் வேலை போயிடும், அதுவும் தெரியுமா?"

அக்கா தலையை ஆட்டினார். நாத்தனார் வண்டி நின்ற பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்: "டிரைவர் அண்ணே! ஒரு பெட்டியில எண்ணிக்கை சந்தேகமா இருக்கு. எல்லாத்தையும் இறக்குங்க, முதல்லேர்ந்து எண்ணணும்."

"இப்பத்தானேம்மா ஏத்தினோம்!"

"எண்ணாம அனுப்பி நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா நீங்க வந்து பதில் சொல்வீங்களா? இறக்குங்க."

டேப்பைக் கிழித்து, ஒவ்வொரு கார்டாக எடுத்து, மேசையில் வைத்து, எண்ணினார். நூற்று முப்பதையும் எண்ணினார். பிறகு இடையில் மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா கடிகாரத்துக்கும் வாசலுக்குமாகப் பார்த்துக்கொண்டு தூண் பக்கம் நின்றார்.

மூன்று நாற்பதுக்கு மேற்பார்வையாளர் வந்தார். அக்கா அவரை மேசைக்கு அழைத்துப்போய், திருத்துவதற்கு முன்பிருந்த புரோகிராமையே ஓடவிட்டு, "காலியா அமுக்குங்க சார்" என்றார்.

அவர் அழுத்தினார். பச்சை. மறுபடி அழுத்தினார். பச்சை. மூன்றாவது தடவை மெதுவாக அழுத்தினார்.

"அன்னிக்குப் பதினோரு கார்டு போட்டுப் பாத்தியே?"

"பதினொண்ணும் நல்ல கார்டு சார். கெட்டதை வச்சுப் பாக்கலை. பதினேழு வருஷமா அதுதான் என் வேலை. நான் எழுதினதுக்கு மட்டும் அதைச் செய்யலை."

அந்தப் பதினோரு கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் தான்தான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது. "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அண்ணிக்கு மட்டும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துப் பொருத்துகிற ஆலையைக் கூப்பிட்டார். காலையில் வந்த கார்டுகளைத் தொடாதீர்கள் என்றார். அந்தப் பக்கம் யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருநூற்று மூன்று கார்டுகள் பெட்டியிலேயே இருக்கின்றன, ஏழு கார்டைப் பொருத்திவிட்டோம் என்று பதில் வந்தது.

நூற்று முப்பதைத் திருத்திய புரோகிராமில் மற்றவர்கள் ஓட்ட, மேற்பார்வையாளரும் அக்காவும் ஜீப்பில் கிளம்பினார்கள். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இப்ப எழுதியிருக்கறது சரியா?" அக்கா, "கெட்டதுக்குச் சிவப்பு வருது சார். இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல" என்றார்.

அந்த ஆலையில் குளிர்ப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு வரிசையாக நின்றன. ஏழு பெட்டிகளின் பின்பக்கத் தகட்டையும் கழற்றச் சொல்லி, அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து மீட்டர் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். முதல் பெட்டி சரி. இரண்டு, மூன்று, நான்கு சரி. ஐந்தாவது பெட்டியில், அலாரத்துக்கான இடத்தில் மீட்டர் பூஜ்யம் காட்டியது. முனையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பூஜ்யம். அந்த ஆலையின் ஆள், "இது நாளைக்குக் காலையில கிளம்பியிருக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். அக்கா எழுந்து வெளியே போய்ச் சுவரோரம் வாந்தியெடுத்தார்.

மொத்தத்தில் பதினான்கு கார்டுகள் கெட்டவை. எங்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் விசாரணை நடந்தது. அக்கா எழுத்தில் விளக்கம் கொடுத்தார். 'சமக்குறி ஒன்று குறைந்தது' என்று ஒரு வரி எழுதி, அது போதாதோ என்று நான்கு பக்கம் எழுதினார். அந்த இரண்டு வாரமும் வீட்டில் கேஸ் அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பாராம். வீட்டுக்காரர், "வேலை போனா போகட்டும், லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட ஆள் வேணும், வந்துடு" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலங்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். கடைசியில் அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், மேற்பார்வையாளருக்கும் ஒன்று.

காய்ச்சல் தெளிந்து வந்த சின்ன மேடம் முதலில் கேட்டது, "எச்சரிக்கை வந்துச்சாக்கா?"

"வந்துச்சு மேடம். படிக்கல."

"படிக்கணும்னு நானும் சொல்லித் தரல." சின்ன மேடம் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றினார். இனி ஓர் எச்சரிக்கை இருந்தாலும் புரோகிராம் ஓடாது என்றார். பிறகு, தான் முன்பு எழுதிய பழைய புரோகிராம்களையும் அதில் போட்டுப் பார்த்தார். மூன்றாவதில், நிபந்தனை வரியின் கடைசியில் வேண்டாத அரைப்புள்ளி ஒன்று இருந்தது. யாரும் பயன்படுத்தாத மூலையில் இருந்ததால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் அதைத் திருத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு அடுத்த கார்டு வந்தபோது அக்கா எழுத மறுத்தார். ஒரு மாதம் மறுத்தார். பிறகு சின்ன மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சம்மதித்ததால் எழுதினார். அதற்கடுத்ததைத் தனியாக எழுதினார். நல்ல கார்டு பத்து, கெட்ட கார்டு பத்து, காலி மேசை என்று வைத்துப் பார்க்காமல் மேசையை யாரையும் தொடவிட மாட்டார். பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் பாதி தூரம் நடந்து திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பார். தைரியம் வந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். பயத்தை வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான்.

நான் அங்கிருந்து விலகி நாலு வருடம் ஆகிறது. போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். இப்போது புதிதாக வருகிற சோதனையாளர்களுக்கு அவர்தான் பாடம் எடுக்கிறாராம்.

"எப்படிக்கா போகுது?" என்றேன்.

"அதை ஏன் கேக்கற. நேத்து நூத்தி இருபது வரி எழுதினேன். ஒரு பிழை இல்ல, ஒரு எச்சரிக்கை இல்ல, முதல் தடவையே சுத்தமா ஓடிச்சு" என்றார். பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "எனக்குத்தான் அப்புறம் ஒரு வேலையும் ஓடல."

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார்.